பக்கிள் இல்லாத பை

தாராவி
13 ஜூலை 1987

ராஜலக்ஷ்மி மேடத்துக்கு, லெதர் குடோன் ஜெயினுலாப்தீன் எழுதுறது.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கிடணும். சனிக்கிழமை நீங்க கோவிச்சுக்கிட்டு எங்க ஆபீசை விட்டு இறங்கிப் போனப்ப, மேஜை மேல ஒரு சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போனீங்கல்ல, அதை நாந்தான் தின்னேன். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்து வச்சேன். சாயங்காலம் வரைக்கும் நீங்க வரலை. தயிர்சாதம் புளிச்சுப் போயிருமேன்னு திறந்து பார்த்தேன். பார்க்கிறதோட நிக்கலை. மாவடு ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்க அம்மாகிட்ட சொல்லிராதீங்க. டப்பாவைக் கழுவி வெயில்ல வச்சிருக்கேன். வெயில்தான் இல்லை.

இப்ப பெரிய விஷயத்துக்கு வாரேன். எங்க முதலாளி சேட், டெல்லியிலேருந்து சரக்கு வாங்க வந்த பார்ட்டி, எங்க ஆளுங்க அத்தனை பேரும் சுத்தி நிக்கையில உங்க கம்ப்யூட்டர் புரோக்ராமை ஓட்டிக் காட்டினீங்க. பிரவுன் ஹேண்ட்பேக் இவ்வளவு ரெடின்னு ஸ்கிரீன்ல பச்சையா வந்துச்சு. பார்ட்டி, எங்கே காட்டுங்கன்னார். சேட்டும் அவரும் குடோன்ல போய்ப் பார்த்தா பாதிகூட ரெடி இல்லை. நீங்க என்னைப் பார்த்து, "பாய், ஏப்ரல்ல நான் கேட்டப்போ எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்னு சொன்னேளே"ன்னு கேட்டீங்க. எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. அந்த மாதிரி நேரத்துல எனக்கு வாயில ஜோக்குதான் வரும். வந்துச்சு. "மேடம் எங்க சரக்கை கர்ச்சீப் வழியாத்தானே பார்த்தாங்க. அவங்க புரோக்ராமும் மூக்கைப் பொத்திக்கிட்டே கணக்குப் போடுது"ன்னேன்.

சேட் சிரிச்சார். டெல்லிக்காரரும் சிரிச்சார். நீங்க கையில இருந்த கர்ச்சீப்பை மடிச்சு மடிச்சு, இதுக்கு மேல மடிக்க முடியாதுங்கிற அளவுக்கு மடிச்சு, பைக்குள்ள வச்சீங்க. அதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் சிரிச்சேன்.

நேத்து மாட்டுங்காவுக்கு நடந்து வந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரயில் பாலம்தானே. உங்க பில்டிங் வாசல்ல இருக்கிற பூக்காரி, யாரைப் பார்க்கணும்னு கேட்டா. பூதான் வேணும்னேன். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். கல்யாணமான நாள்லேருந்து வாங்காத பூ இப்ப எதுக்குன்னு என் வீட்டுக்காரி நேத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கா.

சேட் ஒரு முடிவு சொல்லிட்டார். ஆகஸ்ட் கடைசியில மறுபடி பார்ப்பாராம். அப்பவும் கணக்கு ஒழுங்கா வரலைன்னா என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிட்டு, குடோன் நாற்காலியில என் மருமகனை உட்கார வைப்பாராம். மாப்பிள்ளை அப்துல் ரவூப் பி.காம்., குர்லாவுல ஒரு லாரி ஆபீஸ்ல கிளார்க். என் மக நூர் நிஷாவைக் கட்டினவர். அவர் முன்னால நான் சத்தமாத் தும்மினதுகூட இல்லை. அவர்கிட்ட போய் நான் அரை நாள் லீவு கேட்டு நிக்கணுமா? நீங்க வந்து சரி பண்ணிக் கொடுத்தா உண்டு.

ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
17 ஜூலை 1987

ஜெயினுலாப்தீன் பாய்க்கு,

என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் படித்ததில்லை, அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். டப்பாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் உங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எது புரிகிறது, எது கஷ்டம், எதை மாற்றலாம் என்று கேட்டேன். எங்கள் ஆபீசில் அப்படிக் கேட்கும் வழக்கமே கிடையாது. நான்தான் வேலை செய்கிறவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எல்லோரும் ஃபஸ்ட் கிளாஸ் என்றீர்கள். நான் அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். திங்கட்கிழமை செம்பூர் ஆபீசில் என் மேனேஜர் அந்த ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "கேட்டுட்டு வந்தியே, போறுமா?" என்றார். இனிமேல் நான் வெளியே போக வேண்டாமாம். தாராவிக்கு சீனியர் நாணு வருவார். அவர் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டார்.

புரோக்ராமில் தப்பு இல்லை. பை ரெடி என்று நீங்கள் போட்டீர்கள், அதனால் அது ரெடி என்று சொன்னது. இல்லாத பையை இருக்கிறது என்று ஏன் போட்டீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

கர்ச்சீப்பைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ராஜலக்ஷ்மி


தாராவி
22 ஜூலை 1987

மேடத்துக்கு,

உங்க கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கலை. நான் படிச்சது மூணாவது. அதுக்கு மேல எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது சலூன்ல கிடக்கிற பேப்பர்தான். அதனால என் கடுதாசியில அரசியல் வாடை அடிச்சா பொறுத்துக்கோங்க.

ஃபஸ்ட் கிளாஸ் ஏன் சொன்னோம்னு கேட்டீங்க. ஒரு பிள்ளை வீட்டுல ஆக்கி, பாத்திரத்தோட தூக்கிட்டு வந்து, நம்ம முன்னால வச்சு எப்படி இருக்குன்னு கேக்குது. எங்க ஆளுங்க வாயில வைக்கிறதுக்கு முந்தியே நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. உப்பு இல்லைன்னு சொல்றவனை வீட்டுக்குப் போன பிறகு பெண்டாட்டி உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. அதுவும் நீங்க கேட்டது எங்கே? சேட்டோட ரூம்ல, அவர் எதிர்ல உட்கார்ந்து பல் குத்திக்கிட்டிருக்கையில. கஷ்டம்னு சொன்னா, கஷ்டம் கம்ப்யூட்டர்ல இல்லை, உன் மண்டையிலன்னு ஆயிரும். உங்களுக்குச் சாயா வாங்கி வச்சோம். ஏடு படிஞ்சு அப்படியே இருந்துச்சு. குடிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் வாங்கினோம். வாங்காம இருக்க முடியுமா.

இப்ப இல்லாத பை கதை. உங்க ஸ்கிரீன் ஒவ்வொரு லாட்டுக்கும் ஸ்டைல் என்ன, கலர் என்ன, லைனிங் என்ன, பக்கிள் என்ன, தரம் என்னன்னு போலீஸ் மாதிரி கேட்டுக்கிட்டே போகுது. ஒண்ணைச் சொல்லாம விட்டா கீழே இறங்க மாட்டேங்குது. நடுவுல எழுந்து லோடு இறக்கப் போனா அதுவரைக்கும் போட்டதும் போச்சு. எங்க மால் அப்படி முழுசா வாரதே இல்லை. வீட்டுல தைக்கிற பொம்பளைங்க பாதி லாட்டைத் தலையில தூக்கிட்டு வந்து போட்டுட்டு, பிள்ளைக்குத் தண்ணி பிடிக்க ஓடுவாங்க. பக்கிள் குர்லாவுலேருந்து அடுத்த வாரம் வரும். பக்கிள் இல்லாத பையை உங்க கம்ப்யூட்டர் பைன்னே ஒத்துக்கலை. வாசல்ல மால் மழையில நனையுது. நான் என்ன செய்யட்டும்? எல்லாத்துக்கும் பித்தளை பக்கிள்னு போட்டேன். தரம் ஏ-ன்னு போட்டேன். கம்ப்யூட்டர் வந்த நாள்லேருந்து எங்க குடோன்ல மட்டமான பையே கிடையாது, கவனிச்சீங்களா.

அது பொய்க்கணக்குன்னு எனக்குத் தோணலை மேடம். வாசல்ல நிக்கிற கூர்க்கா பேர் கேட்டா ஏதோ ஒரு பேரைச் சொல்லிட்டு உள்ளே போறோம்ல, அந்த மாதிரின்னு நினைச்சேன். சனிக்கிழமைதான் தெரிஞ்சுது, அந்தப் பேரையெல்லாம் அது எழுதி வச்சிருக்குன்னு.

அன்னைக்கு எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லியிருக்கணும். கர்ச்சீப் சொன்னேன்.

ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
27 ஜூலை 1987

பாய்க்கு,

உங்கள் கடிதத்தை டைனிங் டேபிளில் வைத்துப் படிக்க முடியவில்லை. பாத்ரூமில் படித்தேன்.

கர்ச்சீப்பைப் பற்றி எழுதிவிடுகிறேன். வாசனை மட்டும் காரணமில்லை. எங்கள் ஆத்தில் நான் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்வருவதாகத்தான் தெரியும். தோல் என்று சொல்லவில்லை. அங்கே வந்த நாளெல்லாம் திரும்பியதும் நேரே குளிக்கப் போவேன். "ட்ரெயின்ல கூட்டமா?" என்பாள் அம்மா. ஆமாம் என்பேன். மாட்டுங்காவிலிருந்து உங்கள் இடத்துக்கு யாராவது ட்ரெயினில் வருவார்களா? அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்காமல் இருப்பது சௌகரியமாக இருந்திருக்கும்.

உங்கள் குடோனுக்குள் நான் ஒரு தடவைகூட வரவில்லை. கதவுவரை வந்து, சேட்டின் ரூமில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, உங்களையெல்லாம் அங்கே கூப்பிட்டுக் கேட்டேன். மழையில் பை நனையும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் வாசலில் நின்றிருந்தால் போதும். புரோக்ராமில் தப்பு இல்லை என்று எழுதினேனே, அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

நாணுவின் கையில் இன்னொரு வேலை இருக்கிறது. அவர் இதைத் தொட இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நான் வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் மாற்றி எழுதிப் பார்க்கிறேன். ஆபீசுக்குத் தெரியாமல் ஒரு சனிக்கிழமை வரலாமா? குடோனில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். எதுவும் கேட்கமாட்டேன். நீங்கள் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து எப்படி வேலை செய்கிறீர்கள் என்று பார்த்தால் போதும். யாரும் ஃபஸ்ட் கிளாஸ் சொல்லக் கூடாது.

ராஜலக்ஷ்மி


தாராவி
1 ஆகஸ்ட் 1987

மேடத்துக்கு,

தாராளமா வாங்க. ஆனா சனிக்கிழமைன்னா மழை வரும். மழை இல்லைன்னா கரண்ட் போகும். அதுவும் பக்ரீத் முடிஞ்ச சனிக்கிழமை, எல்லாருக்கும் வயிறு சரியிருக்காது. எனக்கும் விரல்ல ஒரு பிடிப்பு இருக்கு. மழைக்காலத்துல வரும். டைப் பண்றதைப் பார்க்கத்தான் வாரீங்கன்னா பார்க்கிறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்லை.

சரி, 8ஆம் தேதி வாங்க.

தொண்ணூறடி ரோட்டுலேருந்து உள்ளே திரும்புற இடத்துல சாக்கடைப் பலகை ஒண்ணு ஆடும். மெஹராஜ் வந்து கூட்டிட்டு வருவா. எங்க பேக்கிங்ல இருக்கிற பொண்ணு. இங்கேயே பிறந்து வளர்ந்தவ, முனிசிபாலிட்டி ஸ்கூல்ல எட்டாவது வரை போயிருக்கா. வாய் ஜாஸ்தி. நான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா அவ பின்னால நின்னு டேப் ஒட்டிக்கிட்டிருப்பா. அதைக் கண்டுக்காதீங்க. அது அவ பழக்கம்.

ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
11 ஆகஸ்ட் 1987

பாய்க்கு,

சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் எனக்குச் செய்த உபசாரத்துக்கு நன்றி. சாயா நன்றாக இருந்தது. இதை ஃபஸ்ட் கிளாஸ் கணக்கில் சேர்க்க வேண்டாம், நிஜமாகவே நன்றாக இருந்தது. முதல் அரைமணி நேரம் எனக்குக் குமட்டியது. அப்புறம் மறந்துபோனது. மறந்துபோனது என்பதே அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் வேலையைப் பார்த்தேன். மெஹராஜையும் பார்த்தேன். கையில் டேப்போடு நின்றுகொண்டு அவள் உதட்டுக்குள் ஏதோ சொல்வாள், உங்கள் விரல் நகரும். ஒரு மணிக்கு அவள் சாப்பிடப் போனாள். நீங்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, சயான் ஸ்டேஷனில் ஆட்டுக்கு டிக்கெட் கேட்ட டிக்கெட் கலெக்டர் கதையைச் சொன்னீர்கள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பாலம் ஏறி மாட்டுங்காவில் இறங்கும்போதுதான் உறைத்தது. அவள் திரும்பி வரும்வரை நீங்கள் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

பாய், உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, இல்லையா?

இதை எழுத எனக்கு ரொம்பத் தயக்கமாக இருந்தது. இரண்டு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். ஆனால் கேட்காமல் முடியாது. பாதி லாட்டை ஏற்றுக்கொள்கிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக மாற்றுகிறேன் என்பதுதான் தெரியவில்லை. இந்த மெஷினில் தமிழ் வராது. உங்களுக்கென்றால் எழுத்தே இல்லாமல், வெறும் நம்பராக வைத்து, நீங்கள் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி எழுதலாம். சேட்டின் முன்னால் ஒரு நாள் தப்பிக்க அது போதும். மெஹராஜுக்கென்றால் வேறு மாதிரி எழுதணும். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், லாட்டைத் தேடுகிறாள், முந்தின நாள் போட்டதைத் திருத்தணும் என்கிறாள். உண்மையில் அங்கே வேலை செய்வது அவள்தான்.

எதை எழுதட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து எழுத முடியாது. எப்படியானாலும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

ராஜலக்ஷ்மி


தாராவி
16 ஆகஸ்ட் 1987

மேடத்துக்கு,

தெரியாது.

அந்த ஒரு வார்த்தையை எழுதிட்டு வெளியே போய் ஒரு பீடி குடிச்சிட்டு வந்தேன்.

நூர் நிஷாவைப் பொண்ணு கேட்டு வந்தப்ப மாப்பிள்ளையோட வாப்பா, "நீங்க கம்பெனியில என்னவா இருக்கிய?"ன்னு கேட்டார். குடோன்ல மால் எண்ணுறேன்னு சொல்லியிருக்கலாம். "எக்ஸ்போர்ட் நாந்தான் பார்க்கேன். ஃபாரின் பார்ட்டியோட இங்கிலீஷ்லதான் பேச்சு"ன்னேன். ஓகே, ஷிப்மெண்ட், நோ பிராப்ளம். என்கிட்ட இருக்கிற இங்கிலீஷ் அவ்வளவுதான். அதை வச்சு ஒரு கல்யாணத்தையே முடிச்சேன். அதுக்கப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தா ஒரு இங்கிலீஷ் பேப்பரை விரிச்சு வச்சிக்கிடுவேன். ஒரு தடவை அவர் மெதுவா, "மாமா, இது போன மாசத்துப் பேப்பர்"ன்னார். பழசுலதான் விஷயம் இருக்கும்னு சமாளிச்சேன்.

அதனாலதான் கம்ப்யூட்டர் வந்தப்ப நான் உட்காருவேன்னு முண்டியடிச்சு நின்னேன். மாப்பிள்ளை காதுக்குப் போகுமே. மெஹராஜ்தான் சொல்லிச் சொல்லித் தட்டவச்சா. "மேல வரிசையில, கோழிக்கால் மாதிரி இருக்குல்ல சாச்சா, அது"ம்பா. சேட் வந்து "ஷாபாஷ்"னு என் முதுகைத் தட்டுவார். அவ பின்னால நின்னு டேப் ஒட்டிக்கிட்டிருப்பா. நான் அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தா சேட்டுக்குத் தெரிஞ்சிரும்னு இல்லை. எனக்குத் தெரிஞ்சிரும்னு. அவளுக்கு என்னைவிட வாய் ஜாஸ்தி. ஆனா இதை வச்சு ஒரு நாள்கூட என்னைக் கேலி பண்ணலை. உங்க கர்ச்சீப்பைக்கூட விட்டுவைக்காத எனக்கு, மேடம், அதை நினைச்சாதான் சோறு இறங்கலை.

நம்பர் வேண்டாம். மெஹராஜுக்கே எழுதுங்க. அவளை உட்கார வச்சுக் கேளுங்க, என்னை வச்சுக்கிட்டுக் கேக்காதீங்க. நான் இருந்தா நல்லாருக்குன்னுதான் சொல்வா.

சேட்டுகிட்ட நானே சொல்லிருதேன். இன்னைக்கான்னு கேக்காதீங்க.

ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
25 ஆகஸ்ட் 1987

பாய்க்கு,

முடிந்துவிட்டது. மெஹராஜ் இரண்டு சாயங்காலம் மாட்டுங்கா பார்க்குக்கு வந்து என் காகிதத்தையெல்லாம் பென்சிலால் அடித்துத் தள்ளினாள். இப்போது யார் கொண்டுவந்தார்கள், எத்தனை, இந்த இரண்டும் இருந்தால் கதவு திறக்கும். மற்றதெல்லாம் வரும்போது வரட்டும். பக்கிள் வராத பை பக்கிள் வராத பையாகவே ஸ்கிரீனில் நிற்கும், ரெடியில் சேராது. நடுவில் எழுந்து போனாலும் போட்டது போகாது.

நாணுவிடம் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டேன். 31ஆம் தேதி அவர்தான் வருவார். எல்லோருக்கும் அது அவர் எழுதியதாகத்தான் இருக்கும். தாராவிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன் என்று மேனேஜரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களை ஒப்புக்கொள்ள வைத்தவள் நான். என் முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். இதை உங்களிடமாவது சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் தோல் என்று சொன்னேன். கையிலிருந்த கறிவேப்பிலையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அந்த டப்பா எங்கேடி?" என்றாள். உங்களிடம் இருக்கிறது என்றேன். "அங்கேயே இருக்கட்டும்" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ராஜலக்ஷ்மி


தாராவி
2 செப்டம்பர் 1987

மேடத்துக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

சேட் எதிர்ல உட்கார்ந்தார். நாணு சார் ஃப்ளாப்பியைப் போட்டுட்டு ஓரமா நின்னார். மாப்பிள்ளையையும் சேட் வரச் சொல்லியிருந்தார். புது வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை. நாற்காலி கிடைக்கும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. சேட் என்னைப் பார்த்து "பைட்டோ"ன்னார்.

நான் உட்காரலை. "சேட், எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இவ்வளவு நாளும் மெஹராஜ் சொல்லித்தான் தட்டினேன். பக்கிள் வராத பைக்கு பக்கிள் போட்டது மட்டும் என் சொந்த வேலை"ன்னேன். ஒரு ஜோக்கு தொண்டை வரைக்கும் வந்துச்சு. விழுங்கிட்டேன்.

"அப்ப இத்தனை நாள் நான் உன் முதுகை எதுக்குத் தட்டினேன்?"ன்னார் சேட்.

மெஹராஜ்தான் பதில் சொன்னா. "சாச்சா முதுகு பெருசு சேட். கைக்கு வாகா இருந்திருக்கும்."

எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள்ளை சிரிக்கலை, தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். அத்தனை பேர் சிரிப்பும் ஒருத்தர் மேல வந்து விழுந்தா எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு ஜூலையிலேயே தெரியும்.

மெஹராஜ் உட்கார்ந்தா. அதே நேரம் பார்த்து வாசல்ல பாதி லாட் வந்து இறங்குச்சு, பக்கிள் இல்லாம. அவ ரெண்டு தட்டு தட்டினா, உள்ளே எடுத்துக்கிட்டுச்சு. ரெடி எவ்வளவுன்னு கேட்டார் சேட். கொஞ்சம்தான் வந்துச்சு. மூஞ்சியைச் சுளிச்சார். ஆளை அனுப்பி எண்ணச் சொன்னார். சரியா இருந்துச்சு. "கம்மியா இருக்கு. ஆனா இருக்கு"ன்னார். அது பாராட்டான்னு நாங்க யாரும் கேக்கலை.

இனிமே நாற்காலி மெஹராஜுக்கு. குடோன் சாவி எனக்கு. என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பலை. மாப்பிள்ளைக்கு வேலை இல்லைன்னு அவர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். உங்க பேரை நான் எடுக்கலை. நீங்களே சொல்லாததை நான் சொல்றது முறையில்லை. ஆனா ஸ்கிரீன்ல கீழே இறங்க எந்தப் பட்டன்னு தெரியாம நாணு சார் மெஹராஜைக் கேட்டார். சேட் அதைப் பார்த்தார்.

சேட்டும் நாணு சாரும் போன பிறகு மாப்பிள்ளைகிட்ட போனேன். "உங்க வாப்பாகிட்ட பொண்ணு பேசுறப்ப நான் சொன்னது..."ன்னு ஆரம்பிச்சேன். "இருக்கட்டும் மாமா"ன்னார். என்னை நிமிர்ந்து பார்க்கலை. உடனே கிளம்பினா எனக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சாரோ என்னவோ, பக்கத்துல இருந்த தோல் கட்டு மேல உட்கார்ந்தார். சாயா வந்துச்சு. ரெண்டு பேரும் ஊதி ஊதிக் குடிச்சோம். "நூர் நிஷாகிட்ட நீங்க சொல்லிருதியளா?"ன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. நீங்களே சொல்லுங்க"ன்னார். போகணும். என்ன சொல்லணும்னு இன்னும் யோசிக்கலை.

அந்தக் கட்டு காலையிலதான் சாயம் ஏத்தி வந்தது. பிரவுன். காஞ்சிருக்கும்னு நினைச்சேன், காயலை. மாப்பிள்ளை எழுந்திரிச்சு நடக்கிறப்ப பார்த்தேன், வெள்ளை பேண்ட்ல பின்பக்கம் ரெண்டு பெரிய வட்டம். மாமனார் வாயால சொல்ற விஷயமா அது? மெஹராஜ் என்னைப் பார்த்தா. நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சயான் ஸ்டேஷன் வரைக்கும் அவர் முதுகோட ஒட்டிக்கிட்டே நடந்தேன். "என்ன மாமா, முன்னால வாங்களேன்"ன்னார். "இதான் வசதி"ன்னேன். குர்லா வண்டி வந்துச்சு. ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சு, ஒரு மார்வாடி அம்மா விரிச்சிருந்த வெள்ளைத் துண்டு மேல உட்கார்ந்து போனார்.

ஜெயினுலாப்தீன்